அழைப்பிதழில் ஒரு பூனை

காய்கிற வரைக்கும் எதையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, மெஹந்தி போட்ட பெண் கோன்களைப் பையில் அள்ளிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். இப்போது மாடி அறையில் நானும் தர்ஷிகாவும்தான். என் அக்கா மகள். நாளைக்கு அவளுக்குச் சடங்கு. முழங்கை வரை ஈரமாகக் கறுத்திருக்கும் இரண்டு கைகளையும் தலையணை மேல் நீட்டி வைத்துக்கொண்டு, யாரோ கொடுத்துவைத்துப் போன பொருளைக் காவல் காப்பதுபோல் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மெதுவாகக் காய்ந்தால்தான் நன்றாகச் சிவக்குமாம், அதனால் ஃபேன் போடக் கூடாதாம். அவள் மேலுதட்டில் வேர்வை பூத்திருக்கிறது, நான் துப்பட்டா நுனியால் ஒற்றி எடுக்கிறேன். கழுத்துக்குப் பின்னால் அரிக்குது சித்தி என்கிறாள், சொறிந்துவிடுகிறேன், இன்னும் கீழ, ஆங், அங்கதான். முதுகெலும்பின் முதல் முடிச்சு விரலில் தட்டுப்படுகிறது. இவள் பிறந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன், நீ சித்தி ஆயிட்ட என்று யாரோ சொன்னதும் வெட்கப்பட்டு ஆஸ்பத்திரிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன், அங்கிருந்துதான் முதன்முதலாக இவளைப் பார்த்தேன், துணிச் சுருளுக்குள் கண்ணை இறுக்கிக்கொண்டு, வெளிச்சமே பிடிக்காதவள்போல. அந்தச் சுருளுக்குள்ளிருந்து இத்தனை நீளக் கைகால்கள் எப்படி வெளியே வந்தன. எந்த நாளில் வந்தன, பக்கத்திலேயே இருந்தும் நான் எப்படிப் பார்க்காமல் விட்டேன். கீழே அண்ணன் சீர்த் தட்டுகளை வரிசையாக வைக்கச் சொல்லிச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார், பழத்தட்டு முன்னால வரணும், கேமராவுல அதுதான் எடுப்பா தெரியும். அண்ணன்தான் தாய்மாமன், அதனால் ஒரு மாதமாக வீடே அவர் கையில்.

"சித்தி, என் போன எடேன்," என்றாள் தர்ஷிகா. "தலகாணிக்குக் கீழ. எடுத்து என் மூஞ்சிக்கு நேரா காட்டு." காட்டினேன். அவள் கண் கொட்டாமல் அதைப் பார்த்தாள், அதுவும் அவளைப் பார்த்தது, பூட்டு திறந்துகொண்டது. ஒரு பெண் பிள்ளையின் முகம் ஒரு கதவுக்குச் சாவி. இதைத் தினமும் பார்க்கிறேன், என் போனிலும் இதேதான் நடக்கிறது, ஆனால் இன்னொருத்தியின் முகத்தைக் காட்டி இன்னொருத்தியின் கதவைத் திறந்தபோது கை ஏனோ கூசியது. அவள் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன, என் கைகள்தான் இப்போது அவளுக்கு. "இன்ஸ்டா போ. மேல தள்ளு. மெதுவா, நீ என்னா பஸ் ஓட்டுற மாதிரி தள்ற. போதும். இந்தப் பிள்ளைக்கு ஹார்ட் போடு, போடலன்னா திங்கக்கிழமை ஸ்கூல்ல வந்து அழுவா." நான் போட்டேன். என் விரல் போட்ட இதயம் அவள் பெயரில் போய்ச் சேர்ந்தது. அவள் பெயரில் என்றுகூடச் சொல்ல முடியாது, அவள் கணக்கின் பெயர் ஈரப்பூனை. உள்ளே முழுக்கப் பூனைகள், எல்லாம் அவளே வரைந்தவை. கண்டக்டர் பூனை, ஹெட்மிஸ்ட்ரஸ் பூனை, நடையைச் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிடும் அர்ச்சகர் பூனை. ஒவ்வொன்றின் வாலுக்குக் கீழும் சுருட்டிச் சுருட்டி ஈரப்பூனை என்று கையெழுத்து. எங்கேயும் அவள் முகம் இல்லை, ஊர் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. ஏன் என்று கேட்டேன். "பேரு போட்டா தேடி வருவாங்கல்ல சித்தி," என்றாள், மழை வந்தால் துணி நனையும் என்கிற குரலில். "எங்க ஸ்கூல்னு சொல்லி யாராச்சும் ரிக்வெஸ்ட் குடுத்தா ஒரு கேள்வி கேப்போம். நாங்க நாலு பேரும் பேசி வச்சது. கேட்டுக்கு வெளிய ஐஸ் வண்டிக்காரர் மணி அடிப்பாரா, ஹாரன் அடிப்பாரா?" "எது?" என்றேன். "ரெண்டும் கெடையாது. வாயாலயே குயில் மாதிரி கூவுவாரு. மணின்னு சொன்னா வெளிய போ, ஹாரன்னு சொன்னாலும் வெளிய போ." சிரித்தாள், உடனே கை ஆடிவிடுமோ என்று பயந்து சிரிப்பைப் பாதியில் பிடித்துக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோட்டை வாசலில் நிற்கிற காவலாளிகள் அடையாளச் சொல் கேட்பார்கள் என்று சரித்திரப் பாடத்தில் படித்ததை நினைத்துக்கொண்டேன். இரட்டைச் சடை போட்ட நான்கு பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் இதைத் தாங்களே கண்டுபிடித்திருக்கிறார்கள், மதிய சாப்பாட்டு வேளையில், டிபன் பாக்ஸ்களுக்கு நடுவில், ஒரு குயில் சத்தத்தை எடுத்துப் பூட்டாகச் செய்திருக்கிறார்கள். இந்த வயதில் நான் எதைப் பூட்டினேன். என்னிடம் பூட்ட எதுவும் இருக்கவில்லை. இப்போதும் என் கணக்கில் இருப்பது ஒரு ஜன்னல் படம் மட்டும். நான் எதையும் போடுவதில்லை, பார்ப்பதோடு சரி. கல்லூரியில் கூடப் படித்தவர்களின் கல்யாணம், குழந்தை, குழந்தையின் முதல் சோறு, எல்லாம் பார்த்திருக்கிறேன், ஒரு வாழ்த்தும் சொன்னதில்லை, நான் பார்ப்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் பார்ப்பதில் தப்பு ஒன்றுமில்லை என்றுதான் நினைத்துவந்தேன். யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்காத கண்தானே. ஆனால் பார்க்கப்படுகிறவளுக்கு அது எப்படித் தெரியும், ஒரு கண்ணுக்கும் இன்னொரு கண்ணுக்கும் வித்தியாசத்தை அவள் எந்தக் குயிலை வைத்துக் கண்டுபிடிப்பாள். இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே திரையின் மேல்பக்கம் ஒரு செய்தி இறங்கியது. ஹர்ஷினி. "ஹர்ஷினிக்காவா, தொற தொற," என்றாள் தர்ஷிகா. "மதுரையில ப்ளஸ் ஒன் படிக்கிறாங்க. வரையுறதுல பெரிய ஆளு. எங்க ஸ்கூல்னு சொல்லல, அதனால கேள்வி கேக்கல. என்ன சொல்றாங்க, படி."

திறந்தேன். மேலே பழைய பேச்சுகள் இருந்தன, கண் அவற்றில் ஒரு நொடி போய் வந்தது. மீசையை முதல்ல போடாத, கடைசியில போடு, மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ஒரே இழுப்பா இழு. கண்ணுல வெள்ளைப் புள்ளியை நடுவுல வைக்காத, ஓரத்துல வை, அப்பதான் பூனை உன்னப் பாக்கும். நல்ல வார்த்தைகள். பொறுமையான வார்த்தைகள். புதிதாக வந்ததைச் சத்தமாகப் படித்தேன். "நாளைக்கு ஃபங்ஷனா பூனைக்குட்டி? தர்ஷிகாங்கிற பேரு உனக்கு ரொம்பப் பொருத்தம். நீலப் பட்டுல..." குரல் தானாக நின்றுவிட்டது. தர்ஷிகா என்னைப் பார்த்தாள். "என் பேர நான் சொல்லலயே," என்றாள். "ஃபங்ஷன்னும் சொல்லல. படி சித்தி." நீலப் பட்டுல சூப்பரா இருந்த என்று இருந்தது. கீழே மூன்று புள்ளிகள் எழும்பி எழும்பி அடங்கின. அந்தப் பக்கத்தில் யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு முன் எத்தனையோ தடவை பார்த்த புள்ளிகள், ஆனால் இப்போது அவை மூச்சு விடுவதுபோல் தெரிந்தன. எங்கோ ஒரு அறை, அங்கேயும் இந்த வெயில், அங்கேயும் யாரோ சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கலாம், அங்கே ஒரு கட்டைவிரல் அசைந்தால் இங்கே, அருப்புக்கோட்டையில், ஃபேன் ஓடாத மாடி அறையில், என் உள்ளங்கைக்குள் அது அசைகிறது. இவ்வளவு தூரத்தை ஒன்றுமில்லாமல் ஆக்குகிற இந்தச் சாதனத்தின் முன் எனக்கு எப்போதும் ஒரு மலைப்பு உண்டு, அந்த மலைப்புக்குள் முதல் தடவையாகக் குளிர் இறங்கியது. மெஹந்தி போட்டாச்சா, ஒரு போட்டோ அனுப்பு, ரூம்ல தனியா இருந்து எடு, யாருக்கும் காட்டாத. அடுத்தது வந்தது. அனுப்பலன்னா நாளைக்கு மண்டபத்துக்கே வந்து, நாம பேசுனதெல்லாம் உங்க அம்மாகிட்ட காட்டிருவேன். மண்டபத்தின் பெயரையும் சரியாக எழுதியிருந்தது. கடைசியில் ஒரு சிரிக்கிற முகம்.

இதை நான் சத்தமாகப் படிக்கவில்லை, ஆனால் அவள் எட்டிப் படித்துவிட்டாள். அவள் முகத்திலிருந்து இரத்தம் இறங்கிப்போவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன், காதுமடல் முதலில் வெளுத்தது. கைகளை மட்டும் அசைக்கவே இல்லை. அதுதான் எனக்கு நம்ப முடியவில்லை, உடம்பு முழுக்க நடுங்குகிறது, கைகள் தலையணை மேல் அப்படியே இருக்கின்றன. "நீலப் பட்டுப் போட்டோ மாமா போட்டதுல மட்டும்தான் இருக்கு," என்றாள் மெல்ல. ஆமாம், அண்ணன் ஃபேஸ்புக்கில் போட்ட சடங்கு அழைப்பிதழில். எனக்கு அந்த அழைப்பிதழ் மனப்பாடம். அச்சகத்துக்கு எத்தனை நடை நடந்தார். பெயர், அப்பா அம்மா பெயர், கதவு எண், தெரு, மண்டபம், நேரம், நடுவில் நீலப் பட்டில் இவள். மேலே தன் கையாலேயே தட்டி ஒரு வரி சேர்த்திருந்தார், எட்டாம் வகுப்பில் முதல் மாணவி என்று, பள்ளிக்கூடத்தின் பெயரோடு. ஊர் உலகம் பார்க்கட்டும் என்று பூட்டில்லாமல் போட்டிருந்தார். போட்டவுடன் சொந்தக்காரர்கள் வாழ்த்தினார்கள், முன்பின் தெரியாதவர்களும் வாழ்த்தினார்கள், தெரியாதவர்கள் வாழ்த்தியதில்தான் அண்ணனுக்குப் பெருமை அதிகம். ஆனால் ஈரப்பூனையும் தர்ஷிகாவும் ஒருத்திதான் என்று இந்த ஹர்ஷினிக்கு எப்படித் தெரிந்தது. மனம் அந்தக் காகிதத்தின் மேல் திரும்பத் திரும்ப ஊர்ந்தது, பெயர், தெரு, மண்டபம், பட்டு, ஓரத்து வேலைப்பாடு. ஓரம். வலது கீழ் ஓரத்தில் மாலையை ஏந்திக்கொண்டு ஒரு பூனை நிற்கிறது. என் மருமக கை பட்டது ஒண்ணு பத்திரிகையில இருக்கணும் என்று அக்கா போனிலிருந்து அண்ணன் எடுத்துப் போட்ட பூனை. அதன் வாலுக்குக் கீழே சுருண்டிருந்ததை நாங்கள் எல்லோரும் கொடி என்று நினைத்தோம். அது கையெழுத்து. குயிலை வைத்துப் பூட்டிய வீட்டிலிருந்து அந்தப் பூனையைப் பாசமாகத் தூக்கிக்கொண்டுபோய் நடுத்தெருவில் இறக்கிவிட்டது நாங்கள்தான். அது வீட்டு வழியைக் காட்டிக் கொடுத்துவிட்டது. இத்தனை நுணுக்கமாக ஒரு தீமை கோத்துக்கொண்டு வரும் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கோர்வையின் முதல் கண்ணி அண்ணனின் பாசம்.

அழித்துவிடலாம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. எல்லாவற்றையும் அழித்து, போனை அணைத்து, பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, ஒன்றும் நடக்கவில்லை என்று. விரல் அதை நோக்கிப் போனது. "அழிக்காத," என்றாள் அவள். "அழிச்சா நம்மகிட்ட ஒண்ணுமே இருக்காது. முதல்ல ஸ்க்ரீன்ஷாட் எடு. மேலேருந்து எடு, பேரு தெரியுற மாதிரி. எடுத்து உன் போனுக்கு அனுப்பு. அப்புறம் ரிப்போர்ட். கடைசியாதான் பிளாக்." குரல் உடைந்து உடைந்து வந்தது, ஆனால் வரிசை உடையவில்லை. "யாரு சொல்லிக்குடுத்தா?" என்றேன். "கம்ப்யூட்டர் மிஸ். அவங்க சொல்றப்ப நாங்க பின் பெஞ்சுல ராஜா ராணி வெளையாண்டுட்டு இருந்தோம். காதுல விழுந்துருக்கு போல." நான் எடுத்தேன், ஒவ்வொன்றாக. எடுக்கும்போதெல்லாம் போன் ஒரு வெள்ளை மின்னல் மின்னியது. நான் பட்டம் வாங்கியவள், கணினியிலேயே வேலை பார்க்கிறவள், அழித்துவிட்டு ஒளிந்துகொள்வதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. இவள் அழுதுகொண்டே யோசிக்கிறாள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியும் என்பதே எனக்குப் புதிது. கண்ணீர் கன்னத்தில் இறங்கித் தாடையில் தொங்குகிறது, துடைக்கக் கை இல்லை, நான் துடைத்தேன். "அம்மாகிட்ட சொல்லாத சித்தி," என்றாள். "யார்கிட்டடி பேசுனன்னுதான் முதல்ல கேக்கும். போன பிடுங்கிரும். நாளைக்கு எல்லாரும் என்ன அப்படிப் பாப்பாங்க." எப்படி என்று நான் கேட்கவில்லை, அந்தப் பார்வை எனக்குத் தெரியும், பாதி இரக்கம், மீதி விசாரணை. கொஞ்ச நேரம் கழித்து, "அது சொல்லிக்குடுத்ததெல்லாம் கரெக்டா இருந்துச்சு சித்தி," என்றாள். ஹர்ஷினிக்கா என்று சொன்ன வாய் அதற்குள் அது என்று சொல்லத் தொடங்கியிருந்தது. "மீச அப்படித்தான் போடணும். அது பொய் இல்ல." மீசை நன்றாக வரவேண்டும் என்று உண்மையாகவே நினைத்த ஒரு மனமா, ஒரு பிள்ளையின் பக்கத்தில் வந்து உட்காருவதற்காக மீசை வரையக்கூடக் கற்றுக்கொண்ட மனமா. இரண்டாவதுதான் என்றால் அந்தப் பொறுமையின் ஆழம் எவ்வளவு. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொள்வதுபோல் அந்த யோசனையிலிருந்து பின்வாங்கினேன்.

சொல்லாமல் இருக்க முடியாது. இதை எப்படி இவளிடம் சொல்வது என்று சுற்றிச் சுற்றி வந்தேன். மண்டபத்தின் பெயர் அதற்குத் தெரியும். கதவு எண் தெரியும். அழைப்பிதழ் இந்த நிமிடமும் ஃபேஸ்புக்கில் விரித்த பாயாகக் கிடக்கிறது. "மாமா போட்டத எடுக்கச் சொல்லணும்," என்று அவளே சொன்னாள். "நான் சொன்னா செல்லம் கொஞ்சுறேன்னு நெனப்பாரு. நீ சொல்லு." நானா. அண்ணனிடம் நான் கடைசியாக எதை எதிர்த்துச் சொன்னேன் என்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. அவர் சத்தமானவர், நல்லவர், அவருக்கு முன்னால் நான் தலையாட்டுவதோடு சரி. எப்படி ஆரம்பிப்பது, அண்ணே ஒரு நிமிஷம் என்று ஆரம்பிக்கலாமா, கோபப்பட்டால், சீர் நேரத்தில் என்ன அபசகுனமாப் பேசுற என்றால். ரிப்போர்ட் என்கிற இடத்தைத் தொட்டேன், எதற்காக என்று அது காரணம் கேட்டது, காரணங்களை வரிசையாகக் காட்டியது, ஒவ்வொன்றாகப் படித்தேன், உலகத்தில் பிள்ளைகளுக்கு நடக்கக் கூடியது இத்தனை வகை என்று யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதிவைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றைத் தொட்டு அனுப்பினேன். அப்போது படிக்கட்டில் அண்ணனின் குரல் ஏறி வந்தது. யாரிடமோ பேசிக்கொண்டே வருகிறார். "இதோ பாருங்க, மாடிக்குத்தான் போய்க்கிட்டு இருக்கோம். நம்ம வீட்டு மகாராணி மெஹந்தி போட்டு உக்காந்திருக்காங்க. எல்லாரும் வாழ்த்துங்க." கதவு திறந்தது. போனை முகத்துக்கு முன்னால் பிடித்தபடி அண்ணன், அவருடைய முகமே தெரியவில்லை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு எங்களைப் பார்த்தது. "மருமகளே, கையக் காட்டு. லைவ் போய்க்கிட்டு இருக்கு." திரையில் பார்ப்பவர்களின் எண் ஏறிக்கொண்டிருப்பது அவருக்குப் பின்னால் இருந்த சுவர்க் கண்ணாடியில் இடவலம் மாறி எனக்குத் தெரிந்தது. எண்ணுக்கு முகம் இல்லை. அந்த எண்ணுக்குள் ஒன்று அதுவாக இருக்கலாம். தர்ஷிகா கைகளை மறைக்கப் பார்த்தாள், மறைக்க இடமில்லை, மடக்கினால் கலைந்துவிடும், தலையைத்தான் தாழ்த்தினாள்.

நான் எழுந்ததை நான் தீர்மானிக்கவில்லை. என் உள்ளங்கை போய் அந்தக் கண்ணாடிச் சில்லை மூடியிருந்தது. சூடாக இருந்தது. எங்கெங்கோ இருக்கும் அத்தனை பேருடைய திரையிலும் இப்போது என் கை ரேகைதான் நிறைந்திருக்கும் என்று ஒரு எண்ணம் குறுக்கே ஓடியது. வாழ்க்கையில் நான் முதன்முதலாக எல்லோருக்கும் காட்டியது அதுதான், ஒரு கை. "ஏ, கிறுக்குப் பிள்ள, என்னா பண்ற," என்றார் அண்ணன். "அணைச்சிருங்கண்ணே." "லைவ்ல சித்தப்பாவெல்லாம் இருக்காரு..." "அணைங்க." என் குரல் பெரிதாக ஒன்றும் எழவில்லை, ஆனால் இரண்டாவது தடவையும் அதே வார்த்தையைச் சொன்னேன், அதுவே அவருக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். அணைத்தார். "நான் என்ன வேத்தாளா? என் மருமகள நான் காட்டக் கூடாதா?" என்றார், கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. தர்ஷிகாவின் போனை அவரிடம் நீட்டினேன். அவர் உதடு அசைய அசையப் படித்தார். படித்துவிட்டுத் திரையை மேலே தள்ளிப் பழைய பேச்சுகளுக்குப் போனார், மீசை, மூச்சு, வெள்ளைப் புள்ளி, மறுபடி கீழே வந்தார். பெரிய உடம்பு, கட்டிலில் உட்காரப்போய், மெஹந்தி கலைந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, தரையில் உட்கார்ந்தார். "எவன் இவன்? குடு, நாலு வார்த்த கேக்குறேன்." "வேணாம் மாமா," என்றாள் தர்ஷிகா. "பதில் போட்டா அதுக்கு இன்னும் சந்தோஷம்." அண்ணன் அவளைப் பார்த்தார். "நீ ஏம்மா கண்டவங்ககிட்டயும்..." என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், தர்ஷிகாவுக்கும் தெரியும், அவள் தோள்கள் அடி வாங்கத் தயாராவதுபோல் ஒடுங்கின. "அவ பேரக்கூடச் சொல்லலண்ணே," என்றேன். "பூட்டித்தான் வச்சிருந்தா. பூனைய வெளிய விட்டது நாம." அவருக்குப் புரியவில்லை, அவர் பாக்கெட்டிலிருந்த அழைப்பிதழைக் கேட்டு வாங்கி வாலுக்குக் கீழே காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கோபம் போக இடம் இல்லாமல் அவர் முகத்திலேயே சுற்றியது, பிறகு அது வேறொன்றாக மாறியது.

"எப்படி எடுக்குறது இத?" என்றார் கடைசியில், தன் போனை நீட்டி. "மேல ஓரத்துல மூணு புள்ளி இருக்கும் பாருங்க மாமா. அத அமுக்குங்க. கீழ வாங்க. அதான்." அவருடைய கட்டைவிரல் இரண்டு தடவை தப்பான இடத்தில் விழுந்தது. அத்தனை வாழ்த்துகளோடும் அது போயிற்று, ஒரு சத்தமும் இல்லாமல். "போயிருச்சா?" "இங்கேருந்து போயிருச்சு. ஷேர் பண்ணவங்க யாராச்சும் படமா எடுத்து வச்சிருந்தா அது இருக்கும்." "அவங்க எல்லாருக்கும் நான் பேசுறேன், எடுக்கச் சொல்றேன். மண்டபத்து வாசல்ல கட்டுன ஃபிளெக்ஸையும் இறக்கச் சொல்றேன். ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கணும்." தர்ஷிகா மிரண்டாள். "முதல்ல 1098க்குப் பேசலாம் மாமா. அது பிள்ளைகளுக்குன்னே இருக்கிற நம்பரு. அடுத்து என்னன்னு அவங்க சொல்லுவாங்க." சரி என்றார், பெரிய மனிதர் ஒருவரின் யோசனைக்குத் தலையாட்டுவதுபோல. "உங்க அம்மாகிட்ட நான் சொல்றேன். என் தப்புன்னுதான் சொல்லுவேன். உன்மேல ஒரு சொல்லு வராது." அவள் நம்பலாமா என்று அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "பிளாக் இன்னும் பண்ணல," என்றாள். "அத நான் பண்றேன்." எப்படி என்று கேட்பதற்குள் முகத்தை நீட்டினாள். அண்ணனிடமிருந்து அவள் போனை வாங்கி, பிளாக் என்கிற சொல் அவள் மூக்குக்கு நேராக வரும்படி பிடித்தேன். குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, மூக்கு நுனியால் தொட்டாள். ஒரு தடவை போதவில்லை, நிச்சயம்தானா என்று அது கேட்டது, மறுபடி தொட்டாள். திரையில் மூக்கின் ஈரம் ஒரு வட்டமாக நின்றது. அண்ணன் தன்னை அறியாமல் சிரித்துவிட்டார், சிரிப்பின் பாதியில் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் அந்த ஈர வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கோ ஒரு அறையில் மூன்று புள்ளிகள் இனி எழும்பினாலும் இங்கே வந்து சேராது. சடங்கு, பட்டு, சீர் என்று நாங்கள் இத்தனை பேர் சேர்ந்து இவள் பெரியவளாகிவிட்டதாக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது இதோ என் கண் முன்னால் ஒரு மூக்கு நுனியில் நடந்து முடிந்துவிட்டது, யாரும் பந்தல் போடவில்லை.

"அது நாளைக்கு வந்துட்டா?" என்றாள் தர்ஷிகா. "பொம்பளையா ஆம்பளையான்னுகூட நமக்குத் தெரியாது. வயசு தெரியாது." நிறுத்திவிடலாமா என்று அண்ணன் கேட்டார், உண்மையாகவே கேட்டார். ஒரு மாத அலைச்சலை அப்படியே இறக்கிவைக்கத் தயாராக இருந்தார். "எதுக்கு நிறுத்தணும்? நான் ஒண்ணும் பண்ணலயே," என்றாள். "வாசல்ல யாராச்சும் நின்னு வர்றவங்களப் பாத்தா போதும். தெரியாதவங்க வந்தா உங்ககிட்ட சொல்லணும்." அண்ணன் நான் நிற்கிறேன் என்றார், நீங்க சீர் எடுத்துட்டு வரணுமே மாமா என்றாள். தர்ஷிகாவின் அப்பா வழிச் சொந்தம் அண்ணனுக்குத் தெரியாது, எங்கள் வழிச் சொந்தம் அவள் அப்பாவுக்கு, அதாவது அத்தானுக்கு, தெரியாது, யாரை நிறுத்துவது என்று அண்ணன் பெயர் பெயராகச் சொல்லிப் பார்த்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு எல்லோரையும் தெரியும். இத்தனை வருடம் ஒவ்வொரு விசேஷத்திலும் யாரிடமும் பேசாமல் தூண் மறைவில் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், யார் நடக்கும்போது ஒரு பக்கம் சாய்வார்கள், யார் கூட்டத்தில் தனியாக வருவார்கள், யாருடைய மருமகன் யாருடன் பேச மாட்டார், இரண்டு பக்கமும் எனக்குத் தெரியாத முகம் இல்லை. அவர்களில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது. "பன்னீர்ச் செம்ப என்கிட்ட குடுங்க. சந்தனம் குடுத்து வாங்கன்னு சொல்ற இடத்துல நான் நிக்கிறேன்," என்றேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "நீயா?" என்றாள் தர்ஷிகா. "நீ எப்பவும் ஸ்டோர் ரூம்ல தேங்காயோட தேங்காயால்ல இருப்ப." சந்தனம் எடுக்க வருகிற ஒவ்வொருவரும் என் முன்னால் ஒரு கணம் நின்றாக வேண்டும். நிமிர்ந்து என்னைப் பார்த்தாக வேண்டும். நானும் அவர்களைக் கண்ணுக்கு நேராகப் பார்த்தாக வேண்டும், மறைவில்லாமல். நினைத்த உடனேயே கழுத்துவரை சூடு ஏறியது. அந்தப் பயத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருந்தது, அகலமாக, இதுவரை நான் போகாத அறை ஒன்று இந்த வீட்டிலேயே இருந்திருப்பதைக் கண்டுபிடித்ததுபோல. "சரி, இப்ப என்னப் பாத்து வாங்கன்னு சொல்லு பாப்போம்," என்றாள். "வாங்க," என்றேன். "எனக்கே கேக்கல. மண்டபத்துல மேளம் இருக்கும் சித்தி." அவள் கண்களைப் பார்த்தேன். அழுது சிவந்து, இமை ஒட்டிக்கொண்டு, என்னிடமிருந்து நகராத கண்கள். மூச்சை இழுத்துக்கொண்டேன். "வாங்க," என்றேன். சொல் என்னைவிட்டுப் போய்ச் சுவரில் பட்டு, படிக்கட்டில் இறங்கி, கூடத்தைக் கடப்பதை நானே கேட்டேன். கீழேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

"யாரு வந்திருக்கா?"

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார், அவளிடம் சொல்வதற்கு.